சந்தை வாரம்: ஐந்து நாளும் ஒரே கதை எதற்கு?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்ற பெற்றோருக்கும் உதவும். உங்கள் மகள் இந்த ஜனவரியில் கே ஒன் (பாலர் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) சேர்ந்திருக்கிறாள். பள்ளியிலிருந்து வாரக் குறிப்பு வந்தது. தமிழ் வகுப்பின் கருப்பொருள் 'சந்தை'. ஐந்து நாளும் ஒரே கதைப்புத்தகம், அப்புறம் மாவு பிசைவது, கடை விளையாட்டு, பக்கத்து ஈரச்சந்தைக்கு (மீனும் காய்கறியும் விற்கிற சந்தை) ஒரு நடை. வீட்டுப்பாடம் கிடையாது. "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "விளையாண்டேன்" என்கிறாள். எதிர்வீட்டுப் பையனோ அதே வயதில் துணைப்பாட வகுப்புக்கு (டியூஷன்) போய் அ முதல் ஃ வரை எழுதுகிறான். இவளையும் அங்கே சேர்ப்பதா, பள்ளியையே மாற்றுவதா என்று கேட்கிறீர்கள்.

நான் இங்கே சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் பல வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் "ஆசிரியரை நம்புங்கள்" என்று சொல்லி முடிக்கப் போவதில்லை, ஏனென்றால் எல்லா வகுப்பிலும் விளையாட்டு என்ற பெயரில் நடப்பதெல்லாம் நல்ல விளையாட்டு என்று நானே சொல்ல மாட்டேன். நல்ல வாரம் எது, ஒப்புக்கு ஓட்டிய வாரம் எது என்று உங்களுக்கே தெரிய வேண்டும்.

வாரக் குறிப்பைப் பெற்றோர் பெரும்பாலும் தொடக்கப்பள்ளிக் கால அட்டவணை மாதிரி படிக்கிறார்கள். திங்கள் ஒரு பாடம், செவ்வாய் இன்னொரு பாடம் என்று எதிர்பார்த்தால், ஒரே கதை ஐந்து நாள் வருவதைப் பார்த்து ஆசிரியருக்குச் சோம்பல் என்றுதான் தோன்றும். பாலர் வகுப்பு அப்படி ஓடுவதில்லை. ஒரே விஷயத்துக்குக் குழந்தை திரும்பத் திரும்ப வருகிறாள், வருகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வேறு வேலை கொடுக்கிறோம். முதல் நாள் கதை புதிது, அவள் கவனமெல்லாம் 'அடுத்து என்ன' என்பதிலேயே இருக்கும். கதை தெரிந்த பிறகுதான் கண் எழுத்துப் பக்கம் போகும். எல்லாரும் பார்க்கிற அளவுக்குப் பெரிய புத்தகத்தை வைத்துக்கொண்டு சேர்ந்து வாசிக்கிற இந்த முறை 1970களில் நியூசிலாந்தில் டான் ஹோல்டவே என்கிற கல்வியாளர் வளர்த்தெடுத்தது. அம்மா மடியில் உட்கார்ந்து கேட்ட கதையையே மறுபடி மறுபடி கேட்கிற குழந்தை எப்படி வாசிக்கப் பழகுகிறதோ, அதை வகுப்புக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் அவருடைய யோசனை.

சரி, என் வகுப்பில் சந்தை வாரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். உங்கள் பள்ளியில் வேறு மாதிரி இருக்கலாம், போக்கு ஏறக்குறைய இதுதான்.

திங்கட்கிழமை புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு துணிப்பை வரும். உள்ளே பாகற்காய், முருங்கைக்காய், எலுமிச்சை, கறிவேப்பிலை, ஒரு துண்டு இஞ்சி. பார்க்கக்கூடாது, கையை விட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும். பாகற்காயைத் தொட்ட பிள்ளை "டீச்சர், இது பம்ப்பியா இருக்கு" என்பான். நான் "தமிழில் சொல்" என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அடுத்த தடவை அவன் வாயே திறக்க மாட்டான். "ஆமா, சொரசொரன்னு இருக்குல்ல? எலுமிச்சையைத் தொட்டுப் பாரு, அதுவும் சொரசொரன்னு இருக்கா?" என்பேன். "இல்ல, அது ஸ்மூத்." "ஆமா, வழவழன்னு இருக்கு." இரண்டு மூன்று பேர் கைவிட்டு எடுப்பதற்குள் யாராவது ஒருத்தர் தானாகவே "சொரசொர" என்று கத்துவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் காய்கறியை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே காதில் விழுகிற பிள்ளைக்கு, தொடுகிற பொருளும் அதற்குரிய தமிழ்ச் சொல்லும் ஒரே நொடியில் சேர்ந்து வருகிற இடம் சில சமயம் இது ஒன்றுதான்.

அப்புறம் கதை. ஒரு பாட்டி சந்தைக்குப் போகிறாள், பக்கத்துக்கு ஒரு சாமான் வாங்குகிறாள், பை கனத்துக்கொண்டே போய்க் கடைசியில் அறுந்துவிடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் "பாட்டி, பாட்டி, பையில் என்ன?" என்ற வரி வரும். எங்கள் வகுப்பிலேயே அட்டையில் எழுதி ஒட்டிய புத்தகம் இது. இப்படித் திரும்பி வருகிற வரி உள்ள கதையாகத்தான் தேடி எடுப்போம், இல்லாவிட்டால் எழுதிக்கொள்வோம். மூன்றாவது பக்கத்துக்குள் தமிழே பேசாத பிள்ளைகூட அந்த வரியைச் சேர்ந்து சொல்லும்.

செவ்வாய் அதே புத்தகம், இந்தத் தடவை என் கையில் ஒரு குச்சி. சொல் சொல்லாகக் குச்சியை வைத்துக்கொண்டே வாசிப்பேன். இடமிருந்து வலம் போக வேண்டும், வரி முடிந்தால் கீழே இறங்க வேண்டும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது என்பதெல்லாம் நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி இருக்கிறது, அப்படி இல்லை. ஐந்து வயதில் அதுவே ஒரு பாடம். அன்றைக்குத் தேடுகிற எழுத்து ப. பாட்டி, பை, பாகற்காய் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 'பை' வரும்போது பெரும்பாலும் யாராவது மாட்டிக்கொள்வார்கள். "டீச்சர், ப முன்னாடி ஏதோ நிக்குது." நல்ல கேள்வி! ஓசையில் பின்னால் வருகிற ஐகாரம் எழுத்தில் முன்னால் போய் நிற்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கிறாள். அ முதல் ஃ வரை வரிசையாக எழுதிக்கொண்டிருக்கிற எதிர்வீட்டுப் பையனுக்கு இந்தக் கேள்வி வர வாய்ப்பே இல்லை, அவன் இன்னும் சொல்லுக்குள் எழுத்தைப் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். தமிழில் 247 எழுத்து. அ, ஆ என்று தொடங்கினால் முதல் எழுத்தே சுழியும் வளைவும் குறுக்குக்கோடுமாகப் பிஞ்சுக் கையைப் படுத்தி எடுக்கும். ட, ப, ம இதெல்லாம் பெரும்பாலும் நேர்க்கோட்டில் அடங்குகிற எழுத்துகள், அதனால் நாங்கள் பல பேர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம். உங்கள் மகளுக்கு 'ஆ' எழுதத் தெரியவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். ப எழுதச் சொல்லிப் பாருங்கள்.

எழுதும் கை பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் மாவு பிசைவதைத்தான் எல்லாரும் வீண்பொழுது என்கிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. ஐந்து வயதில் அவை எல்லாம் இன்னும் முழுசாகக் கெட்டிப்பட்டிருக்காது, விரல் தசைகளும் அப்படித்தான். பென்சிலைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் பிடிக்க முடியாமல் முஷ்டியில் பிடிக்கிற பிள்ளையிடம் நோட்டு நிறைய எழுதச் சொன்னால் அந்த முஷ்டிப் பிடிதான் பழகும், பின்னால் மாற்றுவது பெரும்பாடு. மாவை உருட்டி நீளமாகத் திரித்து முருங்கைக்காய் செய்வது, எலுமிச்சையை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போடுவது, துணிக் கிளிப்பை அமுக்கி விலை அட்டையைக் கயிற்றில் மாட்டுவது, கத்தரிக்கோலால் காய்கறிப் படம் வெட்டுவது எல்லாம் எழுத்துக்கு முந்தைய எழுத்து வேலை. வாரக் குறிப்பில் 'மாவு' என்று ஒற்றைச் சொல்லாகப் போட்டால் பெற்றோருக்கு எப்படித் தெரியும், அது எங்கள் பக்கத்துக் குறைதான்.

செவ்வாய் மத்தியானம் எண்கள். ஆறு எலுமிச்சையை நெருக்கமாக ஒரு வரிசையில் வைக்கிறேன். எண்ணுகிறார்கள், ஆறு. அவர்கள் கண்முன்னாலேயே அதே ஆறையும் தள்ளித் தள்ளி வைக்கிறேன். இப்போது எத்தனை? கே ஒன் பிள்ளைகளில் சில பேர் "இப்ப நிறைய" என்பார்கள், அடித்துச் சொல்வார்கள். எண்ணத் தெரியாததால் இல்லை, இருபது வரை கடகடவென்று சொல்கிற பிள்ளையும் இதில் சறுக்கும். இடம் அகன்றால் எண்ணிக்கை கூடாது என்பதை மனம் இன்னும் பிடித்துக்கொள்ளவில்லை. பியாஜே என்கிற சுவிட்சர்லாந்து உளவியலாளர் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். சொல்லிப் புரியவைத்தால் "ஆமா டீச்சர்" என்பார்கள், மறுநாள் மறுபடி "நிறைய" என்பார்கள். கையால் தள்ளி, எண்ணி, சேர்த்து, மறுபடி எண்ணித்தான் அது வரும். இங்கே கல்வி அமைச்சின் பாலர் கல்விக் கட்டமைப்பு (2003இல் முதலில் வந்தது, 2012இலும் 2022இலும் திருத்தினார்கள்) கே டூ (கே ஒன்னுக்கு அடுத்த வருடம்) முடிவதற்குள் எதிர்பார்ப்பது பத்துப் பொருளையாவது பிழையில்லாமல் எண்ணி உணர்வதைத்தான். நூறு வரை ஒப்பிப்பதை இல்லை. நூறு ஒப்பிக்கிற குழந்தையைப் பார்த்து நாம் பூரித்துப்போகிறோம், ஏழு தட்டுக்கு ஏழு கரண்டி எடுத்துவரச் சொன்னால் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதில்லை.

புதன் சந்தைக்கு நடை. அடுக்குமாடிக்குக் கீழே இருக்கிற சாதாரண ஈரச்சந்தைதான், பேருந்தெல்லாம் கிடையாது. ஒவ்வொரு ஜோடிப் பிள்ளைகளுக்கும் படம் போட்ட பட்டியல் ஒன்று. இரண்டு தக்காளி, ஒரு கட்டு கீரை, மூன்று எலுமிச்சை. தரை ஈரம், மீன் வாடை, ஐஸ் மேல் படுத்திருக்கிற மீன், வெட்டுகிற சத்தம். சில பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பின்னால் ஒளிவார்கள், வீட்டில் எல்லாம் இணையத்தில் வாங்கி வாசலில் வந்து இறங்குகிற காலம் இது. அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். பேட்டைச் சந்தையில் கடைக்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள், பிள்ளைகள் அவர்களிடம் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள், கேட்க வேண்டும். தமிழ் எங்களுக்குள் பேசுகிற பேச்சில்தான் இருக்கும். அதனால் நீங்கள் செய்யக்கூடிய ஒன்று, சனிக்கிழமை காலை லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போவது. கீழ்த்தளக் காய்கறிக் கடையில் அவளையே "அரை கிலோ வெண்டைக்காய் கொடுங்க அண்ணே" என்று கேட்க விடுங்கள். முதல் தடவை உங்கள் காலைக் கட்டிக்கொள்வாள். பரவாயில்லை, மறுவாரமும் போங்கள். வெளியே பூக்கடையில் நின்று மல்லிகையும் கனகாம்பரமும் மாறி மாறிக் கட்டிய சரத்தைக் காட்டி "அடுத்து என்ன பூ வரும்?" என்று கேட்டால் அது கணக்குப் பாடம். வகுப்பில் வண்ண மணியைக் கோத்து நாங்கள் செய்வதும் அதுவேதான்.

வியாழன் கடை விளையாட்டு. எல்லாரும் சொல்கிற 'சும்மா விளையாட்டு' இதுதான், எனக்கு வாரத்திலேயே அதிக வேலை வாங்குகிற நாளும் இதுதான். வகுப்பின் ஒரு மூலையை முந்தின நாள் பார்த்த சந்தையாக மாற்ற வேண்டும், எப்படி மாற்றுவது என்று பிள்ளைகளிடமே கேட்போம். மீன் கடை வேண்டும் என்பார்கள், மீனுக்கு ஐஸ் வேண்டும் என்பார்கள், ஐஸுக்கு வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துப் போடுவார்கள். கல்லாவில் யார் உட்காருவது என்று சண்டை வரும். நான் உடனே தீர்த்துவைக்க மாட்டேன். "ரெண்டு பேருக்கும் கல்லா வேணும், கல்லா ஒண்ணுதான் இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். சில நாள் அழுகையில் முடியும். சில நாள் "நான் அஞ்சு பேருக்கு விக்கறேன், அப்புறம் நீ" என்று அவர்களே உடன்படிக்கை போடுவார்கள். ஐந்து பேரை எண்ண வேண்டுமே, அதையும் கவனியுங்கள்.

விலை அட்டை எழுத வேண்டும் என்று வரும்போதுதான் பென்சில் தானாகக் கைக்கு வருகிறது. ஒருத்தி கிறுக்கிவிட்டு "இது அஞ்சு வெள்ளி" (வெள்ளி என்றால் இங்கே டாலர்) என்பாள். இன்னொருத்தி 5ஐத் திருப்பிப் போடுவாள். ஒரு பையன் 'மீன்' என்று எழுத ம போட்டுவிட்டு மிச்சத்துக்கு மீன் படம் வரைந்துவிடுவான். இந்த மூன்றுமே எழுத்துதான், மூன்று படியில் நிற்கிற எழுத்து. எழுதினால் காரியம் நடக்கிறது என்று மூன்று பேருக்கும் புரிந்திருக்கிறது. பணம் விஷயத்திலும் இப்படித்தான். ஐந்து பத்துக்காசு நாணயம் ஒரு பக்கம், ஒரு வெள்ளி நாணயம் ஒரு பக்கம் வைத்தால் ஐந்தையே அள்ளிக்கொள்வார்கள், 'நிறைய' இருக்கிறதே! அதைத் திருத்த கே ஒன்னில் அவசரப்பட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சின்ன நாள். புதன்கிழமை எடுத்த புகைப்படங்களைப் பலகையில் ஒட்டி, பிள்ளைகள் சொல்லச் சொல்ல நான் கீழே எழுதுவேன். "மீன் கண்ணை முழிச்சுப் பாத்துச்சு" என்று ஒருத்தி சொன்னால் அப்படியே எழுதுவேன். 'பார்த்தது' என்று திருத்தி எழுத வேண்டும் என்று சொல்கிற ஆசிரியர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் வாயிலிருந்து வந்தது பலகையில் ஏறி, நான் குச்சி வைத்துத் திருப்பி வாசிக்கும்போது அதே வார்த்தையாக வர வேண்டும், அப்போதுதான் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள முடிச்சு அவளுக்குப் பிடிபடும். எழுத்துத் தமிழ் கதைப்புத்தகத்தில் தினமும் காதில் விழத்தான் செய்கிறது. பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்க வேண்டும் என்று இங்கே 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவே பரிந்துரைத்திருக்கிறது, அதனால் இது என் சொந்தப் பிடிவாதம் மட்டும் இல்லை. கடைசியில் பாட்டிக் கதையை மறுபடி ஒரு தடவை, இந்தத் தடவை குச்சி பிள்ளைகள் கையில். பாதிப்பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள். "வாசிக்கலையே, ஒப்பிக்கிறாளே" என்று பெற்றோர் சொல்வதுண்டு. ஆமாம், ஒப்பிக்கிறாள், ஆனால் 'பை' என்று சொல்லும்போது குச்சி 'பை' மேல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வாசிப்பு தொடங்கிவிட்டது.

இனி ஒப்புக்கு ஓட்டிய வாரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது. வகுப்புச் சுவரைப் பாருங்கள். இருபது காகிதத் தக்காளியும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் அதை வெட்டியது ஆசிரியர், பிள்ளைகள் பசை தடவியதோடு சரி. தினமும் வண்ணம் தீட்டுகிற தாள் இரண்டு மூன்று வீட்டுக்கு வந்தால் கேள்வி கேளுங்கள். கதையும் விளையாட்டும் எண்ணுவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தாலும் கேளுங்கள், அதாவது கதை சந்தையைப் பற்றி, எண்ணுவது டைனோசரை, பாட்டு மழையைப் பற்றி என்று போனால். ஆசிரியரிடம் "என் பிள்ளை எப்படிப் படிக்கிறாள்?" என்று கேட்காதீர்கள், "நன்றாகப் படிக்கிறாள்" என்றுதான் பதில் வரும். "கடை விளையாட்டில் அவள் என்னவாக இருந்தாள், என்ன பேசினாள்?" என்று கேளுங்கள். கவனித்திருக்கிற ஆசிரியர் உடனே சொல்வார். கே ஒன்னில் ஓர் ஆசிரியருக்கு அதிகபட்சம் இருபது பிள்ளைகள், தமிழ் வகுப்பில் பல இடங்களில் அதைவிடக் குறைவுதான், அதனால் சொல்ல முடிய வேண்டும்.

உண்மையாகவே கவலைப்பட வேண்டியவை வேறு. ஐந்து வயதில் எந்த மொழியிலும் முழு வாக்கியம் வரவில்லை, பேசுவது வெளியாட்களுக்குப் புரியவில்லை, கூப்பிட்டால் பல தடவை திரும்புவதில்லை, இரண்டு சேர்ந்த வேலையைச் சொன்னால் (பையை வைத்துவிட்டுக் கை கழுவிவா) பின்பற்ற முடியவில்லை என்றால் துணைப்பாட வகுப்பு அதற்கு மருந்து இல்லை. முதலில் ஆசிரியரிடம் பேசுங்கள், அப்புறம் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டினால் தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். காத்திருந்து பார்ப்போம் என்று வருடத்தை ஓட்ட வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளிடம் இதில் எதுவும் தெரியவில்லை.

தொடக்கநிலை ஒன்றில் திணறுவாளோ என்ற பயம் பற்றி: 2019இலிருந்து தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணோடு கூடிய தேர்வே இல்லை. அங்கே முதல் பருவத்தில் திணறுகிறவர்கள் எழுத்து தெரியாதவர்கள் என்பதைவிட, தமிழில் கேட்டால் வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்கள் என்பதுதான் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது.

வீட்டில் "என்ன படிச்சே?" என்பதை மட்டும் மாற்றுங்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை, அவளுக்கு அது படிப்பாகவே தெரியாது. "பாட்டி பையில் இன்னைக்கு என்ன இருந்துச்சு? பை ஏன் அறுந்துச்சு?" என்று அந்த வாரக் கதைக்குள் புகுந்து கேளுங்கள், அதற்குத்தான் வாரக் குறிப்பு வீட்டுக்கு வருகிறது. அவள் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்லட்டும், நீங்கள் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள். துணைப்பாட வகுப்புக்கு எடுத்துவைத்த பணத்தில் பாதியைத் தேக்காவில் செலவழித்தாலே மிச்சம் இருக்கும். நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் புத்தகம் இலவசம், ஒரே புத்தகத்தை அவள் நாலு தடவை எடுத்துவந்தால் "இதேவா மறுபடி?" என்று மட்டும் கேட்காதீர்கள்.